'முற்றும்' போடாத முடிவுகள்: வாசகர் கேள்வி–பதில்

(இந்தப் பக்கங்களில் பல தொலைக்காட்சித் தொடர்கள், வீடியோ கேம்களின் இறுதிக் காட்சிகள் ஒளிவுமறைவின்றிப் பேசப்படுகின்றன. அவற்றை இனிமேல்தான் பார்க்கவோ ஆடவோ எண்ணியிருப்பவர்கள் இந்தப் பகுதியைப் பிறகு படிக்கலாம்.)

கேள்வி: 'தி சோப்ரானோஸ்' தொடரை அண்மையில்தான் முழுமையாகப் பார்த்து முடித்தேன். ஆறு சீசன்களைப் பொறுமையாகப் பார்த்தவனுக்குக் கடைசியில் கிடைத்தது வெறும் கறுப்புத் திரை. மாஃபியா தலைவன் டோனி கொல்லப்பட்டாரா, இல்லையா? இதை மேதைமை என்று பலர் கொண்டாடுகிறார்கள். முடிவெடுக்கத் துணியாத எழுத்தாளர் நழுவிக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதில்: 2007 ஜூன் 10 அன்று எச்பிஓவில் அந்தக் கடைசி எபிசோட் ஒளிபரப்பானபோது, கேபிள் இணைப்பு போய்விட்டது என்று நினைத்துக்கொண்டவர்கள் அமெரிக்காவில் ஏராளம். ஆகவே உங்கள் எரிச்சலுக்குத் துணை நிறையவே உண்டு. ஆயினும் நழுவிக்கொண்டார் என்ற குற்றச்சாட்டை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த உணவகக் காட்சி எப்படித் தொகுக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் மீண்டும் ஒருமுறை கவனியுங்கள். கதவின் மணி ஒலிக்கிறது. டோனி நிமிர்ந்து பார்க்கிறார். அடுத்த ஷாட்டில் அவர் பார்ப்பது நமக்கும் காட்டப்படுகிறது. மனைவி கார்மெலா வருகிறார். பிறகு மகன் ஏஜே வருகிறான். அவனுக்குச் சற்று முன்னால் நுழையும் முன்பின் அறியாத ஓர் ஆள் கவுண்டரில் உட்கார்ந்து, சிறிது நேரம் கழித்துக் கழிப்பறைப் பக்கம் போகிறான். வெளியே மகள் மெடோ காரை நிறுத்தத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருக்கிறாள். கடைசியாக ஒருமுறை மணி ஒலிக்கிறது, டோனி நிமிர்கிறார், அவர் பார்ப்பது வரவேண்டிய இடத்தில் கறுப்பு வந்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருந்த பாட்டும் பாதி வரியில் அறுந்துபோகிறது. அதுவரை காட்சி நமக்குப் பழக்கியிருந்த ஒழுங்கின்படி, அந்தக் கறுப்புதான் டோனி பார்த்தது. அதே சீசனின் இரண்டாம் பாதி தொடங்குகையில், படகில் உட்கார்ந்திருக்கும்போது, சாவு வரும்போது நம் காதுக்குச் சத்தம்கூட எட்டாது போலிருக்கிறது என்ற பொருளில் மைத்துனர் பாபி ஒன்று சொல்வார். கடைசிக்கு முந்தைய எபிசோடில் டோனி அந்தப் பேச்சை நினைத்துப் பார்ப்பதும் காட்டப்படுகிறது. இவ்வளவையும் முன்கூட்டியே அடுக்கி வைத்த ஒருவரை முடிவெடுக்கத் தெரியாதவர் என்று எப்படிச் சொல்வது?

என்னைக் கேட்டால், டோனி இறந்துவிட்டார் என்ற பக்கமே தராசு தாழ்கிறது. ஆனால் அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. அவர் பிழைத்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அவருடைய ஒவ்வொரு சாப்பாட்டு வேளையும் இப்படித்தான் கழியும், ஒவ்வொரு மணியோசைக்கும் அவர் நிமிர்ந்து பார்த்தாக வேண்டும். இறந்தார் என்றாலும் அந்த வாழ்க்கையைப் பற்றித் தொடர் சொல்லவந்தது அதேதான். பூடகமான முடிவுகளை நான் எடைபோடுவது இப்படித்தான்: சாத்தியமான இரண்டு விடைகளையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பேன். இரண்டிலும் கதையின் சாரம் நிலைத்து நின்றால் அந்த மறைப்பு நியாயமானது. ஒரு விடையில் மட்டுமே கதைக்குப் பொருள் இருக்கிறது, அந்த விடையை ஆசிரியர் பூட்டி வைத்திருக்கிறார் என்றால், உங்கள் கோபத்தில் நானும் பங்கெடுத்துக்கொள்வேன்.

கேள்வி: திறந்த முடிவு என்கிறார்கள், க்ளிஃப்ஹேங்கர் என்கிறார்கள். இரண்டுமே நம்மைத் தொங்கலில் விடுபவைதானே? என்ன வேறுபாடு?

பதில்: பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஒன்றின் அடியில் 'தொடரும்' என்று இருக்கும். மற்றதன் அடியில் 'முற்றும்' என்று இருக்கும், அல்லது இருந்திருக்க வேண்டும். 2007 அக்டோபரில் வெளிவந்த 'ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் டூ' விளையாட்டின் கடைசிக் காட்சியில் ஈலை வேன்ஸ் கொல்லப்பட, மகள் அலிக்ஸ் அவர் உடல்மேல் விழுந்து அழுகிறாள், திரை இருளாகிறது. அது 'தொடரும்' வகை. மூன்றாம் எபிசோட் வரும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது, வரவேயில்லை. அந்த விளையாட்டுகளின் எழுத்தாளர் மார்க் லெய்ட்லா, அவற்றை உருவாக்கிய வால்வ் நிறுவனத்தை விட்டு விலகிய பின், 2017இல் பெயர்களை மாற்றி, வராத அந்த எபிசோடின் கதைச் சுருக்கம் ஒன்றை வெளியிட்டார். விசிறிகள் அதையே ஈமக்கடன்போல ஏற்றுக்கொண்டார்கள். 2020இல் வந்த 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்' அந்தச் சாவுக் காட்சிக்கே திரும்பிச் சென்று, அதை மாற்றிவிட்டு, புதிதாக ஒரு 'தொடரும்' போட்டுவிட்டுப் போனது.

சில சமயம் ஒன்று மற்றொன்றாக மாறிவிடுவதும் உண்டு. 'ட்வின் பீக்ஸ்' தொடரின் இரண்டாம் சீசன் 1991 ஜூன் 10 அன்று (சோப்ரானோஸ் முடிந்த அதே தேதி, 16 ஆண்டுகள் முன்பு) நாயகன் கூப்பர் கண்ணாடியில் தலையை மோதிக்கொண்டு சிரிப்பதோடு முடிந்தது. அடுத்த சீசனுக்கான கொக்கியாக அமைந்த காட்சி அது. தொடர் நிறுத்தப்பட்டதால் கால் நூற்றாண்டுக் காலம் அதுவே முடிவாக நின்றது. 2017இல் 18 எபிசோடுகளுடன் திரும்பி வந்தபோது டேவிட் லிஞ்சும் மார்க் ஃபிராஸ்டும் பழைய முடிச்சை அவிழ்த்துவிட்டு அதைவிடக் கடினமான ஒன்றைப் போட்டுவிட்டுச் சென்றார்கள். இரண்டாவது முறை போட்டது வேண்டுமென்றே போட்டது. கடைசிக் காட்சியில் இது எந்த ஆண்டு என்று கூப்பர் கேட்கும் அந்தக் கேள்விக்கு நான்காம் சீசன் தேவையில்லை.

கேள்வி: 'லாஸ்ட்' தொடரில் எல்லாரும் முதல் எபிசோடிலேயே விமான விபத்தில் இறந்துவிட்டார்கள், தீவு என்பது மறுவுலகம் என்று என் நண்பர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. தீவில் நடந்தவை யாவும் நிஜமாகவே நடந்தவை. கடைசி சீசனில் இணையாகக் காட்டப்படும் அந்த மற்றோர் உலகம் மட்டுமே, அவரவர் வெவ்வேறு காலங்களில் இறந்த பின்னர் ஒன்றுகூடும் இடம். 2010 மே மாத இறுதி எபிசோடில் நாயகன் ஜாக்கின் தந்தையே இதை வாய்விட்டு விளக்குகிறார். குழப்பத்துக்குப் பெரிய காரணம், எழுத்துகள் ஓடும்போது ஆளற்ற கடற்கரையில் விமானச் சிதிலங்கள் கிடக்கும் காட்சிகளை, தொடரை ஒளிபரப்பிய ஏபிசி நிறுவனம் சேர்த்ததுதான். கதையோடு அவற்றுக்குத் தொடர்பில்லை. விளக்கிச் சொன்ன வசனம் காதில் விழாமல், பேசாத படம் மனத்தில் தங்கிவிட்டது. திரைக்கதை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய சேதி.

கேள்வி: 'மாஸ் எஃபெக்ட் 3' வெளிவந்தபோது அதன் முடிவை மாற்றச் சொல்லி விசிறிகள் போராடினார்கள். ஒரு நாவலின் முடிவு பிடிக்கவில்லை என்றால் எழுத்தாளரிடம் போய் மாற்றச் சொல்வோமா? வீடியோ கேமுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

பதில்: மாற்றச் சொல்வது முறையா என்பதைப் பிறகு பார்க்கலாம்; அவர்கள் ஏன் அவ்வளவு கொதித்தார்கள் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 2007, 2010, 2012 என மூன்று விளையாட்டுகளாக வந்த கதை அது. முதலாவதில் நீங்கள் எடுத்த முடிவு ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் உங்கள் சேவ் கோப்போடு இரண்டாவதுக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் பயணித்தது. யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைச் சாகவிட்டீர்கள், எந்த இனத்துக்கு வாழ்வு கொடுத்தீர்கள் என்பதையெல்லாம் ஐந்து ஆண்டுகள் நினைவில் வைத்திருந்த ஒரு படைப்பு, கடைசிப் பத்து நிமிடங்களில் மூன்று வழிகளை முன்னால் நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. எதைத் தேர்ந்தாலும் ஏறத்தாழ ஒரே மாதிரியான வெடிப்பு, சிவப்பாகவோ நீலமாகவோ பச்சையாகவோ. அதன்பின் உங்கள் தோழர்கள் என்ன ஆனார்கள், விண்மீன் வழிகள் அறுந்த உலகம் எப்படிப் பிழைத்தது என்பவை சொல்லாமல் விடப்பட்டன.

நான் மேலே சொன்ன எடைக்கல்லை இங்கே வைத்துப் பாருங்கள். கதையின் சாரமே உன் தேர்வுகளுக்கு விளைவு உண்டு என்பதுதான்; மறைக்கப்பட்டதோ அந்த விளைவுகளே. சோப்ரானோஸ் ஒரு சம்பவத்தை மறைத்துச் சாரத்தைக் கொடுத்தது. இங்கே சம்பவத்தைப் பளிச்சென்று காட்டிவிட்டுச் சாரத்தை விட்டுவிட்டார்கள்.

நாவலோடு ஒப்பிட்டீர்கள். நாவலின் நாயகன் செய்த கொலைக்கு வாசகர் பொறுப்பில்லை. விளையாட்டில் பொத்தானை அழுத்தியவர் அவரே. அதனால் 'அப்புறம் என்ன ஆயிற்று' என்ற அவருடைய கேள்வியில் ஆர்வத்தோடு கணக்குக் கேட்கும் உரிமையும் கலந்திருக்கிறது. பயோவேர் நிறுவனம் அந்த ஆண்டு ஜூன் மாதமே 'எக்ஸ்டெண்டட் கட்' என்ற விரிவாக்கத்தை விலையின்றி வெளியிட்டது. மூன்று முடிவுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, விடுபட்ட விளைவுகளை நிரப்பியது; அதில் எனக்கு மறுப்பில்லை. கூடவே, மூன்று வழிகளையும் ஏற்க மறுக்கும் நான்காவது வழியையும் சேர்த்தது. அதைத் தேர்ந்தால் எல்லாரும் தோற்று அழிகிறார்கள். ஓயாமல் குறைசொன்னவர்களுக்கு எழுத்தாளர்கள் கொடுத்த பதில் அது என்று என்னைப் போன்ற சந்தேகப் பிராணிகள் நினைத்துக்கொண்டோம்.

இன்னொரு செய்தி. கடைசி நிகழ்வுகள் யாவும் நாயகர் ஷெப்பர்டின் மனத்தை எதிரிகள் வசப்படுத்த முயலும்போது தோன்றும் மயக்கக் காட்சிகளே என்று விசிறிகள் ஒரு கோட்பாட்டைக் கட்டினார்கள். தொடக்கத்தில் வரும் சிறுவனை ஷெப்பர்டைத் தவிர வேறெவரும் கண்டுகொள்ளாதது முதல், 'அழி' என்ற வழியைப் போதிய படைபலத்தோடு தேர்ந்தெடுத்தால் மட்டும் இடிபாடுகளுக்கு இடையே ஒரு மார்பு மூச்சுவாங்கி எழும் காட்சி வரை, அனைத்தையும் சான்றாக அடுக்கினார்கள். பயோவேர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த ஒற்றை மூச்சு நல்ல பூடகம். அரவம் மிகுந்த ஒரு முடிவின் அடியில் புதைந்துபோய்விட்டது.

கேள்வி: 'சைலன்ட் ஹில் 2' விளையாட்டுக்குப் பல முடிவுகள் உண்டு. அவற்றில் உண்மையான முடிவு எது?

பதில்: உங்களுக்கு முதன்முறை வந்ததுதான், வழிகாட்டிக் குறிப்புகளைப் பார்க்காமல் ஆடியிருந்தால்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. 2001இல் கொனாமி வெளியிட்ட இந்த விளையாட்டில், இறந்துபோன மனைவி மேரியிடமிருந்து கடிதம் வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஜேம்ஸ் அந்த ஊருக்குள் நுழைகிறான். அவளைக் கொன்றவன் அவனே என்பது பிற்பகுதியில் வெளிப்படுகிறது. அந்தச் சம்பவத்தில் எந்த ஐயமும் வைக்கப்படவில்லை. அதை அறிந்த பின் அவன் என்ன ஆவான் என்பதே திறந்திருக்கிறது. அதற்கும் நேரடியாக உங்களைக் கேட்டு முடிவெடுப்பதில்லை. நீங்கள் ஆடும் விதத்தை ஓசையின்றிக் கவனித்துக்கொண்டே வருகிறது. காயங்களை ஆற்றாமல் விட்டு, ஏஞ்சலா என்ற பெண் கொடுத்த கத்தியை எடுத்தெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால், இவனுக்கு வாழ விருப்பமில்லை என்று கணக்கிட்டு நீரில் மூழ்கும் முடிவை நோக்கித் தள்ளுகிறது. மனைவியின் படத்தையும் கடிதத்தையும் பார்ப்பது, உடம்பைப் பேணுவது, மரியா என்ற பெண்ணை ஒட்டியே நடப்பது ஆகிய ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பக்கம் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. அப்போது உங்களுக்கு எதுவும் தெரியாது. தொலைக்காட்சித் தொடரால் இதைச் செய்யவே முடியாது. அங்கே கதை நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

2024இல் வந்த மறு ஆக்கம் இரண்டு புதிய முடிவுகளைச் சேர்த்ததே தவிர எதையும் கழிக்கவில்லை. நாய் ஒன்று கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் இயக்கியதாகக் காட்டும் கேலி முடிவையும் தூக்கிவிடவில்லை. அதுதான் உண்மையான முடிவு என்று வாதிடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரிடம் நான் வாதம் செய்வதில்லை.

கேள்வி: பல முடிவுகள் உள்ள விளையாட்டுக்கு இரண்டாம் பாகம் எடுக்கும்போது எந்த முடிவிலிருந்து தொடர்வார்கள்?

பதில்: பெரும்பாலும் ஒன்றை அதிகாரபூர்வமாக்கி, மற்றவற்றைத் தேர்ந்தவர்களை மறந்துவிடுவார்கள். துணிச்சலாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2000இல் வந்த 'டியூஸ் எக்ஸ்' மூன்று முடிவுகளைக் கொண்டது. 2003இன் அடுத்த பாகம் மூன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் நடந்ததாக வைத்துக்கொண்டது. 'தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்' வரிசையில் 1996இன் 'டாகர்ஃபால்' விளையாட்டுக்கு ஒன்றோடொன்று முரண்படும் பல முடிவுகள்; அந்த வரிசையில் பின்னால் வந்த விளையாட்டு, அவை யாவும் ஒரே நேரத்தில் நடந்தன, காலமே சற்று முறிந்துபோனது என்று தன் உலகத்து நூல் ஒன்றில் எழுதி வைத்துவிட்டது. கணக்கு உதைத்தபோது கணக்குப் புத்தகத்தையே புராணமாக்கிய சாமர்த்தியம்.

கேள்வி: படைப்பாளி பின்னாளில் பேட்டியில் விடையைச் சொல்லிவிட்டால், அதை ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

பதில்: கேட்டுக்கொள்ளலாம், கட்டுப்பட வேண்டியதில்லை. சோப்ரானோஸை உருவாக்கிய டேவிட் சேஸ், டோனி சாகவில்லை என்று ஒரு கட்டுரையாளரிடம் சொன்னதாக 2014இல் செய்தி வந்தது. தன் பேச்சு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று அவர் தரப்பு உடனே மறுத்தது. ஒரு முறை வாய் திறந்தாலும் அதன் பின்னால் விளக்கங்கள் வரிசைகட்டும் என்பதற்கு அதுவே போதும்.

இதற்கு மாறான பண்பை நான் 'தி லெஃப்ட்ஓவர்ஸ்' தொடரில் காண்கிறேன். உலக மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டு பேர் ஒரே கணத்தில் மறைந்துவிட்ட பின்னர் மிஞ்சியவர்களின் கதை அது. கணவனையும் இரு குழந்தைகளையும் அந்தக் கணத்தில் இழந்த நோரா, மறைந்தவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லப்படும் ஓர் எந்திரத்துக்குள் இறங்குகிறாள். திரவம் மேலேறி வருகையில் ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள், காட்சி வெட்டப்படுகிறது. பல ஆண்டுகள் கழிந்து, முதுமையில், தான் அந்தப் பக்கம் போனதையும், அங்கே தன் குழந்தைகள் மகிழ்ச்சியாக இருப்பதைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பியதையும் பழைய காதலன் கெவினிடம் சொல்கிறாள். அதில் ஒரு துளிகூடப் படமாகக் காட்டப்படுவதில்லை. அவள் முகம் மட்டுமே. நிறுத்துங்கள் என்று கத்தி வெளியே வந்துவிட்டாளா, போய்த்தான் வந்தாளா என்பதற்குச் சான்றே கிடையாது. கெவின் நம்புகிறேன் என்கிறான். மூன்று சீசன்களாக, ஆதாரமில்லாத ஒன்றை நம்பி மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்றே பேசிவந்த தொடர், கடைசியில் அந்தச் சோதனையைப் பார்வையாளரின் கையில் கொடுக்கிறது. இதற்கு மேல் எந்தப் பேட்டியில் எவர் எதைச் சொன்னால்தான் என்ன? நான் அவளை நம்பினேன். என் வீட்டில் உடனிருந்து பார்த்தவர் நம்பவில்லை. இருவரும் ஒரே தொடரைத்தான் பார்த்தோம்.

கேள்வி: என் மகள் வற்புறுத்தியதால் 'இன்சைட்' என்ற விளையாட்டை ஆடி முடித்தேன். ஒரு வசனமும் இல்லை. கடைசியில் ஏதோ ஓர் உருவம் மலைச்சரிவில் உருண்டு கரையில் கிடக்கிறது, வெளிச்சம் விழுகிறது, முடிந்தது. இதற்குப் பொருள் உண்டா, அல்லது பொருள் இருப்பதுபோல் பாவனை செய்கிறார்களா?

பதில்: உண்டு என்றே கருதுகிறேன். பிளேடெட் நிறுவனம் 2016இல் வெளியிட்ட இந்த விளையாட்டு, சொல்லே இல்லாமல் ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது: ஒருவரை மற்றொருவர் இயக்குவது. சிறுவன் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு உணர்வற்ற மனிதர்களை ஆட்டுவிக்கிறான். அந்தச் சிறுவனை நீங்கள் ஆட்டுவிக்கிறீர்கள். ஆய்வுக்கூடத்தின் உள்ளே, பின்னால் வரப்போகும் அந்தச் சரிவும் வெளிச்சமும் ஒரு சிறு மாதிரி வடிவமாக வைக்கப்பட்டிருப்பதைக் கவனித்தீர்களா? அப்படியானால் அது தப்பித்தலா, எவரோ வகுத்து வைத்த தப்பித்தலா? மறைவிடங்களையெல்லாம் கண்டுபிடித்தவர்களுக்கு இன்னொரு முடிவும் இருக்கிறது. அதில் சிறுவன் ஒரு மின்னிணைப்பைப் பிடுங்கியதும், அதுவரை அவன் ஆட்டுவித்த மனிதர்களைப் போலவே தோள் தொங்கி நின்றுவிடுகிறான். மகளோடு சேர்ந்து அதைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: நானும் என் தோழியும் சிறிய வீடியோ கேம் ஒன்றை உருவாக்கி வருகிறோம். முடிவைப் பூடகமாக விட ஆசை. ஆடுபவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணராமல் எப்படிச் செய்வது?

பதில்: என்ன நடந்தது என்பதை முதலில் நீங்கள் இருவரும் முடிவுசெய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வெளியில் சொல்ல வேண்டாம். எழுதியவருக்கே தெரியாத விடையை மறைக்க முடியாது. அது மறைவாகத் தோன்றாது, ஓட்டையாகத்தான் தோன்றும். அடுத்து, கடைசியில் எழும் கேள்வி கடைசியில் முதன்முறையாக எழக்கூடாது. இறுதிக் காட்சிக்குள் வரும்போது ஆடுபவர் அந்தக் கேள்வியோடு நெடுநேரம் பழகியிருக்க வேண்டும்.

கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். 2013இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டில் பெரும்பகுதி நேரம் நாம் ஜோயலாக நடக்கிறோம். கடைசிப் பகுதியில், அவனுக்குப் பின்னால் நடந்து வரும் எல்லி என்ற சிறுமியாக நம்மை மாற்றிவிடுகிறார்கள். எல்லியைக் காப்பாற்ற மருத்துவமனையில் அவன் செய்த கொலைகள் எதுவும் மறைக்கப்படவில்லை, நாமே நம் கையால் செய்தவை. அவன் அதைப் பற்றிப் பொய் சொல்லி, உண்மை என்று ஆணையிடும்போது, பொய்யைக் கேட்பவளின் பக்கத்தில் நாம் நிற்கிறோம். அவள் சரி என்கிறாள். நம்பினாளா என்பது மட்டும் திறந்திருக்கிறது. மறைத்தது ஒரே ஒரு சொல்லின் உட்பொருளை. அதற்காக ஒரு முழு விளையாட்டும் உழைத்திருக்கிறது. உங்களுடையது சிறிய ஆக்கம் என்பதால் இந்தச் சிக்கனம் உங்களுக்குக் கூடுதலாகவே பயன்படும்.

முதலில் ஆடிப் பார்க்கும் நண்பர்களிடம் புரிந்ததா என்று கேட்காதீர்கள். இதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று தனித்தனியே கேளுங்கள். எல்லாரும் ஒரே விடையைச் சொன்னால் நீங்கள் மறைத்ததாக நினைப்பது மறையவில்லை. வெவ்வேறு விடைகளைச் சொல்லி, ஒவ்வொருவரும் அதற்கு விளையாட்டின் முற்பகுதியிலிருந்தே காரணம் காட்டினால் வெளியிட்டுவிடலாம். எவரிடமும் விடையே இல்லையென்றால் கடைசிக் காட்சியை விட்டுவிட்டு முற்பகுதியைத் திருத்தத் தொடங்குங்கள்.